உஷார்! விழுந்த பல்லை எறிந்துவிடாதீர்கள்

"ஓட்டு மேல எறிஞ்சிடு கண்ணு, புதுசா முளைச்சிடும்."

இதைச் சொன்னது நான். 14 வருடங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை மாலை, வாயெல்லாம் ரத்தமாக அழுதுகொண்டிருந்த 9 வயதுப் பையனிடம் சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரை மேல் அந்தப் பல்லை வீசினான். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வீசினான்.

விளையாட்டு பீரியடு. கோ-கோ. கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போது கால் வழுக்கி, வாய் நேராகக் கம்பத்தில் மோதியது. மேல் முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். வாய் கொப்பளிக்க வைத்தேன். ஈறில் வைக்கக் காப்பித்தூள் இருக்கிறதா என்று சத்துணவுக்கார அம்மாவிடம் கேட்டேன். அதற்குள் ஒரு சிறுமி மண்ணைத் துழாவி, "டீச்சர், பல்லு கெடச்சிருச்சு" என்று உள்ளங்கையை நீட்டினாள். பல் முழுசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. பால்பல் விழும்போது இருப்பதைவிட வேர் நீளமாக இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சின்ன வயதில் என் பாட்டி சாணியில் பொதித்துக் கூரை மேல் எறியச் சொன்ன அத்தனை பற்களும் ஞாபகத்துக்கு வந்தன. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் அவன் அம்மாவோடு நானும் டவுனுக்குப் போனேன். பல் டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பல் எங்கே?"

அவன் அப்பா பள்ளிக்கூடத்துச் சுவரில் ஏணியைச் சாய்த்து ஏறி, ஓடு ஓடாகத் தேடி எடுத்துவந்தார். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் காய்ந்த பல். டாக்டர் அதைக் கையில் வைத்துப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "டீச்சர், இது பால்பல் இல்லை. ஏழு வயசில முளைச்ச நிரந்தரப் பல். இதுக்கப்புறம் இந்த இடத்தில முளைக்க எதுவும் இல்லை. நேத்து உங்க கையில இருந்தப்ப இது உயிரோட இருந்துச்சு."

அந்த வாக்கியத்தை இன்றுவரை என்னால் கடக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆசிரியர்களே, உஷார்! பெற்றோர்களே, நீங்களும் உஷார்! இந்தத் தவறை நாளைக்கே உங்கள் பள்ளியில் இன்னொரு நல்ல டீச்சர் செய்யப்போகிறார். பாசமாகத்தான் செய்வார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கோ ஒரு பையனுக்கு நடந்தது என்று ஒதுக்கிவிட வேண்டாம். உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018-ல் வெளியான ஒரு கணக்கு, இன்று உயிரோடிருப்பவர்களில் 100 கோடிக்கும் அதிகமானோர் வாழ்க்கையில் ஒருமுறையாவது பல்லில் அடிபட்டவர்கள் என்கிறது. 12 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 18 பேர். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஏழு பேர்! எல்லோருக்கும் பல் வேரோடு வருவதில்லை. பலருக்கு முனை உடைகிறது, சிலருக்கு ஆட்டம் காண்கிறது. ஆனால் வேரோடு வருவது பெரும்பாலும் 7 முதல் 9 வயதுக்குள், புதிதாக முளைத்த மேல் முன்பற்களில். வேர் இன்னும் முழுசாக வளராத, சுற்றியிருக்கும் பிடிமானம் இன்னும் இறுகாத வயது அது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களின் கையில் பிள்ளைகள் இருக்கும் வயது.

டாக்டர் எனக்குப் புரியவைத்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக நினைவில் நிற்கும்.

பல் என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் செருகி நிற்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் நூல் நூலான தசைநார்கள் இருக்கின்றன. தூளியைத் தாங்கும் கயிறு போல அவைதான் பல்லைத் தாங்குகின்றன. அடிபட்டுப் பல் வெளியே வரும்போது அந்தக் கயிறுகள் நடுவில் அறுகின்றன. பாதி எலும்புக் குழியில் தங்கிவிடும், மீதிப் பாதி வேரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும். வேர் மேல் மெல்லிய பிசுபிசுப்பாக இருக்கிறதே, அதுதான். அந்தப் பிசுபிசுப்பில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை செத்துப்போவதற்குள் பல்லைக் குழியில் திரும்ப வைத்தால், அறுந்த கயிறுகள் மறுபடி பின்னிக்கொள்ளும். பல் பிழைக்கும்.

அந்தச் செல்களுக்கு எமன், காற்று. உலர்ந்தால் போச்சு. கால் மணி நேரத்துக்குள் திரும்ப வைத்தால் பெரும்பாலானவை பிழைத்திருக்கும். அரை மணி நேரம் உலர்ந்து கிடந்தால் பெரும்பகுதி செத்திருக்கும். ஒரு மணி நேரம் உலர்ந்துவிட்டால் பிழைக்க எதுவும் மிச்சமிருக்காது. கோபன்ஹேகனைச் சேர்ந்த ஜென்ஸ் ஆன்ட்ரேசன் என்ற பல் மருத்துவர் தன் வாழ்நாளையே பல் காயங்களை ஆராய்வதில் செலவிட்டவர். இப்படித் திரும்ப வைத்த 400 முன்பற்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 1995-ல் முடிவுகளை வெளியிட்டார். உடனே வைத்த பற்களே நன்றாக ஒட்டின. வெளியே உலர்ந்த நேரம் கூடக்கூடப் பிழைக்கும் வாய்ப்பு சரிந்தது. பல்லின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது டாக்டரின் நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் கழிந்த நிமிடங்கள். அந்த நிமிடங்களில் பிள்ளை பக்கத்தில் நிற்பது யார்? நாம்தானே!

அந்த வியாழக்கிழமைக்கு இப்போது திரும்பிப் போகிறேன். மனசுக்குள் எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

பையன் கீழே விழுந்தான். முதலில் பார்க்க வேண்டியது பல்லை அல்ல, தலையை. மயங்கினானா? வாந்தி எடுத்தானா? கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறானா? காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வடிகிறதா? தாடை கோணியிருக்கிறதா? இதில் எது இருந்தாலும் 108-க்குப் போன். பல் அப்புறம். அவனுக்கு இவை எதுவும் இல்லை. நன்றாக அழுதான்.

அடுத்து, பல்லைத் தேடு. வகுப்பில் பத்துப் பிள்ளைகளை விட்டால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும், பிள்ளைகளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. கிடைக்கவில்லை என்றால் அதுவே ஒரு எச்சரிக்கை. பல் ஈறுக்குள்ளேயே முழுசாகப் புதைந்திருக்கலாம், உதட்டுச் சதைக்குள் இருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். பிள்ளை இருமிக்கொண்டோ மூச்சு இரைத்துக்கொண்டோ இருந்தால் ஒரு நொடி தாமதிக்கக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.

பல் கிடைத்தது. எப்படிப் பிடிக்க வேண்டும்? வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும். வேரில் விரல் படவே கூடாது. நான் அன்றைக்கு வேரைத்தான் பிடித்தேன், கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்தும் விட்டேன். பையனுக்குத் தெரியக்கூடாது என்று ரத்தத்தை முந்தானையில் துடைத்தேன். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்தச் செல்களை உரித்தெடுத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக ஒரு முக்கு. அவை இரண்டும் கைவசம் இல்லையென்றால், பிள்ளையின் சொந்த எச்சிலிலேயே அலசிவிடலாம். சோப்பு, டெட்டால், பிரஷ், உப்பு போட்டுத் தேய்ப்பது, எதுவும் ஆகாது.

அடுத்தது, எல்லோரும் பயப்படும் கட்டம். பல்லை அங்கேயே, அப்போதே, அந்தக் குழியில் திரும்ப வைக்க வேண்டும்.

ஆமாம், டீச்சர்தான். பல் டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழவழவென்று லேசாகப் பிதுங்கியிருக்கும் பக்கம் உதட்டை நோக்கியும், குழிந்த பக்கம் நாக்கை நோக்கியும் இருக்க வேண்டும். பக்கத்துப் பல்லைப் பார்த்தால் திசை புரிந்துவிடும். மெதுவாக, ஒரே சீராக அழுத்தினால் உள்ளே போய் உட்காரும். பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வந்ததும், மடித்த சுத்தமான கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பல் காயச் சிகிச்சைக்கான உலக அமைப்பு 2020-ல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டுதலும், அந்த இடத்தில் இருக்கும் ஆசிரியரோ பெற்றோரோ இதைச் செய்ய ஊக்கப்படுத்த வேண்டும் என்கிறது.

பிள்ளை திமிறுகிறான், அல்லது உங்கள் கை நடுங்குகிறது. புரிகிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பால். ஒரு டம்ளர் பாலில் பல்லைப் போடுங்கள். பிரித்த பாக்கெட்டில் இருந்து ஊற்றிய குளிர்ந்த பால். சூடான பால் வேண்டாம், சர்க்கரை போட்டது வேண்டாம், தயிர் மோர் வேண்டவே வேண்டாம். பாலின் உப்புச் சமநிலை நம் உடல் செல்களுக்கு ஏறக்குறையப் பொருந்திப்போவதால் அந்தச் செல்களைச் சில மணி நேரம் உயிரோடு வைத்திருக்கும். பால் கிடைக்காவிட்டால் ஒரு கிண்ணத்தில் பிள்ளையையே எச்சில் துப்பச் சொல்லி அதில் பல் மூழ்கும்படி வையுங்கள். முதலுதவிப் பெட்டியில் சலைன் பாட்டில் இருந்தால் அதுவும் ஆகும். சின்னப் பிள்ளைகளிடம் பல்லைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள், அழுகையில் விழுங்கிவிடுவார்கள்.

தண்ணீர்? இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். டம்ளரில் சுத்தமான தண்ணீர் ஊற்றி அதில் பல்லைப் போட்டுக் கொண்டுபோனால் நல்லது செய்ததாக நினைக்கிறோம். வெறும் தண்ணீரில் அந்தச் செல்கள் ஊறி உப்பி வெடித்துவிடும். வேறு எதுவுமே இல்லை என்றால் காய விடுவதைவிடத் தண்ணீர் தேவலை, அவ்வளவுதான். டிஷ்யூ பேப்பரில் சுற்றுவது, நோட்டுத் தாளில் மடிப்பது, ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக் கொடுத்தனுப்புவது, இவையெல்லாம் பல்லைக் கொல்லும் வழிகள். நான் பின்னால் பேசிய பல் டாக்டர்கள் எல்லோரும் காகிதத்தில் மடித்த பல்லைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள்.

இளநீர் ஆகுமா என்று கிராமத்துப் பள்ளிகளில் தவறாமல் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2008-ல் சென்னையைச் சேர்ந்த பல் மருத்துவ ஆய்வாளர்களே இளநீரைச் சோதித்து நம்பிக்கையான முடிவை வெளியிட்டார்கள். பின்னால் வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. இளநீரின் புளிப்புத்தன்மை ஒரு சிக்கல். ஆகவே தோப்புக்கு ஓடாதீர்கள், டீக்கடைக்கு ஓடுங்கள். ஜெர்மனியில் பல பள்ளிகளில் இதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து உள்ளேயிருக்கும் திரவத்தில் பல்லைப் போட்டால் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். நமக்கு அரை லிட்டர் ஆவின் பாக்கெட் போதும். அது எட்டாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கும்?

இப்போது மிக மிக முக்கியமான ஒரு உஷார். இதைப் படித்த வேகத்தில் யாரும் பால்பல்லைத் திரும்பச் செருகிவிடக் கூடாது! விழுந்தது பால்பல் என்றால் குழியில் வைக்கவே கூடாது. அதற்கு மேலே எலும்புக்குள் நிரந்தரப் பல்லின் முளை காத்திருக்கிறது, அழுத்தினால் அது சேதப்படலாம். அங்கன்வாடி, எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் என்றால் பொதுவாகப் பால்பல்தான். 6 வயதுக்கு மேல் இரண்டும் கலந்திருக்கும். நிரந்தர முன்பல் அகலமாக, கொஞ்சம் மஞ்சள் கலந்து, புதிதாக முளைத்ததானால் நுனியில் ரம்பப் பல் போல் மூன்று மேடுகளோடு இருக்கும். பால்பல் சின்னது, பால் வெள்ளை. சந்தேகம் வந்தால் குழியில் வைக்காதீர்கள். பாலில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், டாக்டர் பார்த்துக்கொள்வார். பால்பல்லாகவே இருந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், உள்ளேயிருக்கும் முளைக்கு அடிபட்டிருக்கலாம்.

பல் வெளியே வராமல் உடைந்தால், உடைந்த துண்டைத் தேடி எடுங்கள். பல நேரங்களில் அதையே திரும்ப ஒட்டிவிடுகிறார்கள். துண்டு கிடைக்காமல் உதடும் கிழிந்திருந்தால், அது உதட்டுக்குள் இருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். உடைந்த இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். பல் உள்ளே இறங்கியிருந்தாலோ கோணியிருந்தாலோ பிடித்து இழுக்காதீர்கள், ஆட்டிப் பார்க்காதீர்கள்.

சரி, இவ்வளவு விஷயம் ஒரு டீச்சருக்கு எப்படித் தெரியும்?

என் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் முதலுதவி என்று படித்தது பாம்புக்கடி, எலும்பு முறிவு, தீக்காயம், மூக்கில் ரத்தம். பல்லைப் பற்றி ஒரு வரி கிடையாது. 26 வருடப் பணியில் நான் போகாத பயிற்சி வகுப்பு இல்லை, அவற்றிலும் இல்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இந்தியாவின் பல நகரங்களிலும் வெளிநாடுகளிலும் ஆசிரியர்களிடம் எடுத்த கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்ப ஒன்றையே காட்டுகின்றன: பெரும்பாலானோருக்குப் பல்லைத் திரும்ப வைக்கலாம் என்பதே தெரியாது, தெரிந்தவர்களும் எதில் போட்டு எடுத்துப்போவது என்பதில் தவறுகிறார்கள். சொல்லிக் கொடுத்தால் மாறுகிறதா? மாறுகிறது. ஹாங்காங்கில் ஆரம்பப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே போஸ்டர் வைத்த பள்ளி, வைக்காத பள்ளி என்று பிரித்துச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். சுவரில் ஒட்டிய ஒரு போஸ்டரே ஆசிரியர்களின் அறிவைக் கண்கூடாக உயர்த்தியது.

ஆனால் என் அனுபவத்தில் போஸ்டர் பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதி, பயம். ஓய்வு பெற்ற பிறகு, அந்த டாக்டரின் உதவியோடு சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய்ப் பேசிவருகிறேன். எந்தப் பள்ளியிலும் முதலில் எழும் குரல், "மேடம், பல்லை நாங்க வச்சு ஏதாவது ஆயிட்டா? அவங்கப்பா வந்து சட்டையைப் பிடிப்பாரே!" என்பது. இதைக் கோழைத்தனம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பள்ளியில் பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தால் முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது டீச்சர்தான். அந்தப் பயம் இருக்கும்வரை கைகள் நகராது.

அதனால் நான் டாக்டரிடம் கேட்டுக்கொண்டது, பேசுவதைக் குறைத்துக் கையில் கொடுங்கள் என்பது. அவர் பிளாஸ்டிக்கில் செய்த தாடை மாதிரிகளைக் கொண்டுவருகிறார். ஒவ்வொரு ஆசிரியரும் முன்பல்லை வெளியே எடுத்து, வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து, திசை பார்த்துத் திரும்ப வைக்க வேண்டும். மூன்று முறை. முதல் முறை தலைகீழாக வைப்பார்கள், இரண்டாம் முறை விரல் வேரில் படும், மூன்றாம் முறை சரியாக உட்காரும். அப்போது முகத்தில் ஒரு தெளிவு வருகிறதே, அதைப் பார்க்கத்தான் இந்த வயதில் பஸ் ஏறிப் போகிறேன். ஒரு மணி நேரம் போதும். ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா? பல தாலுகா அரசு மருத்துவமனைகளில் பல் டாக்டர் இருக்கிறார். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. கூப்பிட்டால் வருவார்கள். கூப்பிட வேண்டியது கல்வித் துறை. அதுவரை கூப்பிட வேண்டியது ஒவ்வொரு தலைமையாசிரியரும்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். "என் பிள்ளைக்குப் பல் விழுந்தால் டீச்சர் உடனே திரும்ப வைக்கலாம், அல்லது பாலில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோகலாம், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்" என்று வருட ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். "அப்பா வரட்டும், அப்புறம் போகலாம்" என்று நாற்காலியில் உட்கார வைத்த அரை மணி நேரத்தில் எத்தனை பற்கள் செத்திருக்கும்! கையோடு பக்கத்தில் எந்தப் பல் டாக்டர் பள்ளி நேரத்தில் இருப்பார், அவர் போன் எண் என்ன என்பதை எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டச் சொல்லுங்கள். டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், மண்ணில் விழுந்த காயம் என்றால் டாக்டர் கேட்பார். உங்கள் பிள்ளையின் மேல் முன்பற்கள் தூக்கலாக இருந்தால், அடிபடும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். இப்போதே பல் டாக்டரிடம் காட்டுங்கள். கோ-கோ கம்பத்தைச் சுற்றிப் பழைய மெத்தைப் பஞ்சைக் கட்டி வைப்பதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை.

நேரம் கடந்துவிட்டது, பல் காய்ந்துவிட்டது என்றால்? அப்போதும் எறியாதீர்கள். என் மாணவனுக்கு அந்தக் காய்ந்த பல்லைத்தான் டாக்டர் சுத்தம் செய்து வேர்ச் சிகிச்சை செய்து திரும்ப வைத்தார். "இது நிரந்தரமா நிக்காது, ஆனா வளர்ற வயசில அந்த இடத்து எலும்பைக் கொஞ்ச வருஷம் காப்பாத்திக் கொடுக்கும்" என்றார். தசைநார் செத்துப்போனதால் வேர் நேரடியாக எலும்போடு ஒட்டிக்கொண்டது. எலும்பு அதைத் தன் பகுதியாக நினைத்து வருடா வருடம் கரைத்தது. தாடை வளர்ந்தது, மற்றப் பற்கள் இறங்கின, அந்த ஒரு பல் மட்டும் கீழே வரமுடியாமல் மேலேயே நின்றுவிட்டது. எட்டாம் வகுப்பில் உதிர்ந்தது. வளர்ச்சி நிற்கும்வரை இம்பிளான்ட் வைக்க முடியாது, அதற்கு 18, 20 வயது ஆக வேண்டும். நடுவில் கழற்றி மாட்டும் பல். அவனைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் "வணக்கம் டீச்சர்" என்று சிரிப்பான், சிரிக்கும்போது கை தானாக வாயை மூடும். பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோவில் அவன் மட்டும் வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறான்.

சரியாக வைத்த பல்லுக்கும் வேலை முடிந்துவிடுவதில்லை. டாக்டர் பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பியால் இரண்டு வாரம் கட்டி வைப்பார். வேர் முழுசாக வளர்ந்த பல் என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர்ச் சிகிச்சை தொடங்க வேண்டும். பிறகு 4 வாரம், 3 மாதம், 6 மாதம், ஒரு வருடம், அதன்பின் குறைந்தது 5 வருடம் வரை ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். வலி போனதும் நம் ஜனங்கள் டாக்டரை மறந்துவிடுவார்கள், கூலி வேலையை விட்டுவிட்டு வரவும் முடியாது. வேர் உள்ளுக்குள் கரைவது வெளியே தெரியாது. அதனால் பிள்ளையிடம் "டாக்டர்கிட்டப் போனியா?" என்று ஞாபகமாகக் கேட்கும் ஒரு டீச்சர் அவசியம்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு என் போன் அடித்தது. ஆறு மாதம் முன்பு எங்கள் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு டீச்சர். மூச்சு வாங்கியது. "மேடம், மூணாங்கிளாஸ் பொண்ணு, குழாயில வாய் வச்சுக் குடிக்கும்போது பின்னாலேர்ந்து தள்ளிட்டாங்க. முன்பல்லு வந்துருச்சு. வைக்கப் பார்த்தேன், ரொம்ப அழுதா, வைக்க முடியல. எதிர்த்த டீக்கடையில பாக்கெட்டப் பிரிச்சு பால்ல போட்டுட்டேன். பஸ் இன்னும் வரல மேடம்."

"பஸ்ஸுக்கு நிக்காதீங்கம்மா. டீக்கடை அண்ணன்கிட்ட பைக் இருக்கா?"

இருந்தது. அவர் ஓட்ட, நடுவில் பிள்ளை, பின்னால் ஒரு கையில் பால் டம்ளரை மூடிப் பிடித்தபடி டீச்சர். விழுந்த நாற்பதாவது நிமிடத்தில் டாக்டர் அந்தப் பல்லைக் குழியில் வைத்துவிட்டார். அது நிலைக்குமா என்பது தெரிய இன்னும் சில வருடங்கள் ஆகும். அடுத்து எந்தத் தேதியில் டாக்டரிடம் போக வேண்டும் என்பதை அந்த டீச்சர் வகுப்புக் கரும்பலகையின் வலது ஓரத்தில் சாக்பீஸால் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, அழிக்காதே என்று எழுதி வைத்திருக்கிறார்.